கல் ஒருமுறை வந்தாயிற்று, இனி எதைக் குடிப்பது? தண்ணீர், எலுமிச்சை, மோர், இளநீர், வாழைத்தண்டு: ஓர் ஒப்பீடு

கிட்னியில் கல் என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டில் ஆளாளுக்கு மருத்துவர் ஆகிவிடுவார்கள். மாமியார் வாழைத்தண்டை நறுக்க உட்காருவார், பக்கத்து வீட்டுக்காரர் இளநீர் குடிக்கச் சொல்வார், நண்பர் பீர் என்று கண்ணடிப்பார். பாலை நிறுத்து, தக்காளியைத் தொடாதே, போர் தண்ணீர் ஆகாது என்று தடைப்பட்டியல் வேறு. கல் வந்தவர் பணமும் பொறுமையும் எதில் செலவிடுவது என்று குழம்பி, கடைசியில் பத்து நாள் தண்டு ஜூஸ் குடித்துவிட்டுப் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்.

ஒப்பிடும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்மிடம் அதிகம் காணப்படுவது கால்சியம் ஆக்சலேட் கல். கால்சியமும், கீரை போன்ற உணவுகளில் உள்ள ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து படிவது. உருவான பிறகு அதைக் கரைக்கும் பானம் எதுவும் கிடையாது. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறும். அந்த வாரத்தில் எதைக் குடித்துக்கொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் போய்விடும். பானத்தின் உண்மையான வேலை அடுத்த கல்லைத் தடுப்பது. ஒன்றும் செய்யாமல் விட்டால் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கல் திரும்ப வருகிறது. அதனால் தடுப்பு சின்ன வேலையில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

1. சிறுநீரின் அளவைக் கூட்டுமா? இலக்கு ஒரு நாளைக்கு 2.5 லிட்டர். குடிக்கும் அளவு இல்லை, வெளியேறும் அளவு.
2. சிட்ரேட் (எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பழங்களில் உள்ள பொருள்) தருமா? சிறுநீரில் உள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஆக்சலேட்டோடு சேர்ந்து படிகமாகக் கால்சியம் மிஞ்சாது.
3. கூடவே என்ன வருகிறது? உப்பு, சர்க்கரை, ஆக்சலேட் மூன்றும் கல்லுக்குத் துணைபோகிறவை.
4. யாருக்கு ஆபத்து? முக்கியமாகப் பொட்டாசியம்.
5. ஐந்து வருடம் தொடர முடியுமா? பணம், வேலைநேரம், பல், வயிறு எல்லாம் இதில் அடக்கம்.

ஐந்தாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான நல்ல யோசனைகள் அங்கேதான் விழுகின்றன.

## முதலில் கல்லைப் பிடியுங்கள்

வலி வந்த நாட்களில் வீட்டு டீ வடிகட்டி ஒன்றை ஒதுக்கி, அதில்தான் சிறுநீர் கழிக்க வேண்டும். எள்ளளவு கறுப்போ பழுப்போ சிக்கினால் கழுவி, உலர்த்தி, சிறிய டப்பாவில் போட்டு பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுங்கள். கல் எதனால் ஆனது என்று ஒரே பரிசோதனையில் தெரிந்துவிடும். கழிப்பறையில் போய்விட்டால் மீதி எல்லாம் ஊகம்.

ஏன் இவ்வளவு சிரமம்? கால்சியம் ஆக்சலேட் கல்லுக்குச் சிட்ரேட் நல்லது. யூரிக் அமிலக் கல் சிறுநீர் அமிலமாக இருக்கும்போது, அதாவது பி.எச். (அமிலம், காரம் காட்டும் அளவு) 5.5-க்குக் கீழே இருக்கும்போது உருவாகிறது. அதற்கு அமிலத்தைக் குறைப்பதே மருந்து. மருத்துவர் கண்காணிப்பில் பி.எச். அளவை உயர்த்தினால் அந்தக் கல் கரையவும் செய்யும். கால்சியம் பாஸ்பேட் கல் நேர் எதிர்: சிறுநீரில் காரம் ஏறினால் வளரும். கிருமித்தொற்றால் வரும் கல்லை எந்த ஜூஸும் ஒன்றும் செய்யாது, தொற்றைத் தீர்த்துக் கல்லை முழுமையாக எடுத்தாக வேண்டும். ஒரே எலுமிச்சை ஒருவருக்கு உதவி, இன்னொருவருக்கு வீண்.

கீழே உள்ளதெல்லாம் கால்சியம் ஆக்சலேட் கல்லையும் இயல்பாக இயங்கும் சிறுநீரகத்தையும் மனத்தில் வைத்து எழுதியது. மற்றவர்களுக்கு எது மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

## ஒரு பார்வையில்

| பானம் | சிட்ரேட் | கூட வரும் தொல்லை | யாருக்கு ஆகாது | தொடர்வது எளிதா |
|---|---|---|---|---|
| தண்ணீர் | இல்லை | எதுவுமில்லை | நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்ட இதய, சிறுநீரக, ஈரல் நோயாளிகள் | கழிப்பறை இருந்தால் எளிது |
| எலுமிச்சைச் சாறு | அதிகம் | கடையில் சர்க்கரை, உப்பு. பல் கூச்சம் | நெஞ்செரிச்சல், அல்சர் உள்ளவர் | நடுத்தரம் |
| நீர்மோர் | குறைவு | உப்பு | பால் ஒவ்வாதவர் | எளிது |
| இளநீர் | ஓரளவு | பொட்டாசியம், விலை | இரத்தத்தில் கிரியாட்டினின் கூடியவர் (சிறுநீரகம் பழுதானவர்), சில பி.பி. மாத்திரை எடுப்பவர் | செலவு |
| வாழைத்தண்டு சாறு | நிச்சயமில்லை | பொட்டாசியம், வேலை | மேலே சொன்னவர்களே | கடினம் |
| பால் டீ, காபி | இல்லை | சர்க்கரை | தூக்கக் குறைவு உள்ளவர் | ஏற்கெனவே உள்ள பழக்கம் |
| கோலா | இல்லை | சர்க்கரை, பாஸ்பாரிக் அமிலம் | எல்லோருக்கும் | விடுவதுதான் கடினம் |

## தண்ணீர்

இதற்கு இருக்கும் ஆதாரம் வேறெதற்கும் இல்லை. முதல்முறை கல் வந்த 199 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து இத்தாலியில் 5 ஆண்டுகள் பார்த்தார்கள். முடிவு 1996-இல் வெளியானது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்ன குழுவில் 12 சதவீதம் பேருக்கும், ஒன்றும் சொல்லாத குழுவில் 27 சதவீதம் பேருக்கும் கல் திரும்பியது. மருந்து கிடையாது, மூலிகை கிடையாது, வெறும் தண்ணீர்.

"நான் நிறையக் குடிக்கிறேனே" என்பவர்கள் ஒருநாள் அளந்து பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிடுங்கள். அதன் பிறகு போவதையெல்லாம், இரவில் எழுந்து போவது உட்பட, அளவுக்கோடு போட்ட மக்கில் பிடித்து 2 லிட்டர் பாட்டிலில் சேருங்கள். திங்கட்கிழமை காலை 6 மணிக்கு வருவதையும் சேர்த்து முடியுங்கள். பாட்டில் நிறைந்து இரண்டாவது பாட்டிலில் கால்பாகம் ஏறியிருந்தால் நன்று. முதல் பாட்டிலே நிறையவில்லை என்றால் குடிப்பது போதவில்லை. லீவு நாளில் அளந்தது போதாது. வேலை நாளில் ஒருமுறை அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 3 லிட்டர் குடித்தால் இலக்கு எட்டிவிடும். ஏப்ரல், மே வெயிலில் கட்டட வேலை, டெலிவரி வண்டி, வயல் என்று இருப்பவருக்கு 4 லிட்டரும் போதாமல் போகலாம். வியர்வையில் போவது சிறுநீர்க் கணக்கில் வராது.

பிரித்துக் குடிக்கும் முறை: எழுந்ததும் 500 மில்லி, 10 மணிக்குள் 500, மதியம் 500, மாலை 4 மணிக்குள் 500, இரவு 8 மணிக்குள் 500, படுக்கும் முன் 250, இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் இன்னொரு 200. ராத்திரித் தம்ளரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உடல் சிறுநீரை அதிகம் கெட்டியாக்குவது தூங்கும் நேரத்தில்தான், கல்லுக்கு விதை விழுவதற்கு வசதியான நேரமும் அதுவே. காலையில் இரண்டு லிட்டரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மாலைவரை சும்மா இருப்பது கணக்குக்குத்தான் நன்றாக இருக்கும். இரண்டு மணி நேரத்தில் அத்தனையும் வெளியே போய்விடும்.

மறைந்திருக்கும் செலவு கழிப்பறை. தூத்துக்குடி உப்பளத்தில் நிற்கும் பெண்ணுக்கும், பேருந்து ஓட்டுநருக்கும், பந்தோபஸ்து காவலருக்கும் தண்ணீர் கிடைக்காமல் இல்லை. குடித்தால் ஒதுங்க இடம் இல்லை. இவர்களிடம் "மூன்று லிட்டர் குடிங்க" என்று மட்டும் சொல்வது அறிவுரை ஆகாது. வேலைக்குக் கிளம்பும் ஒரு மணி நேரத்துக்கு முன் 500 மில்லி, இடைவேளையில் 500, வீடு திரும்பியதும் படுக்கும்வரை ஒன்றரை லிட்டர் என்று மாற்றிக்கொள்வதுதான் நடைமுறைக்கு வரும்.

இனி போர் தண்ணீரா, ஆர்.ஓ.வா? இந்தியத் தர அளவின்படி குடிநீரில் கால்சியம் லிட்டருக்கு 75 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 200 வரை இருக்கலாம். 75 என்று வைத்தால் 3 லிட்டரில் 225 மில்லிகிராம், ஒரு தம்ளர் பசும்பாலில் இருக்கும் அளவு. கடின நீருக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பு, ஊரில் நம்பும் அளவுக்கு ஆய்வுகளில் தெரியவில்லை. தொல்லை வேறு பக்கத்தில் இருக்கிறது. கடலோரத்துப் போர் தண்ணீரில் சோடியம் அதிகம். அதோடு கரிக்கிற தண்ணீரை யாரும் மூன்று லிட்டர் குடிக்க மாட்டார்கள். சுவை பிடிக்காமல் குறைவாகக் குடிக்கிறீர்கள் என்றால் ஆர்.ஓ. வாங்குங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றால் காய்ச்சிக் குடித்தால் போதும். கல்லுக்குப் பயந்து மட்டும் ஆர்.ஓ. வாங்க வேண்டியதில்லை.

## எலுமிச்சை

தண்ணீருக்கு அடுத்த இடம் இதற்கே. நம் ஊர்ச் சிறு எலுமிச்சை ஒன்றில் 15 முதல் 20 மில்லி சாறு வரும். அதில் ஏறக்குறைய ஒரு கிராம் சிட்ரிக் அமிலம். ஆய்வுகளில் கொடுக்கும் அளவு ஒரு நாளைக்கு 120 மில்லி சாறு, அதாவது ஆறிலிருந்து எட்டுப் பழம். காலையில் ஒரு தம்ளரில் அரைப் பழம் பிழிந்து குடிப்பவர் அந்தப் பலனை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் வெறும் தண்ணீர் இறங்காதவருக்கு அந்த அரைப் பழம் இன்னும் ஒரு லிட்டரை உள்ளே இறக்குகிறது என்றால் அதுவே லாபம்.

செய்முறை சின்னது: மூன்று பழச் சாற்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து பாட்டிலில் வைத்து மதியத்துக்குள் முடிக்கவும், மாலைக்கு இன்னொரு பாட்டில். சர்க்கரை வேண்டாம், உப்பும் வேண்டாம். கடை லெமன் ஜூஸில் மூன்று, நான்கு ஸ்பூன் சர்க்கரை விழும். சர்க்கரை சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும். "சால்ட் லெமன்" கேட்டால் உப்பு அதே வேலையைச் செய்யும். பாட்டிலில் எலுமிச்சைச் சுவையோடு விற்கும் பானங்களில் பலவற்றில் பழச்சாறு பேருக்குத்தான்.

இதிலும் மறைச் செலவு உண்டு. தினமும் இரண்டு வேளை 60 மில்லி சாறு கொடுத்துப் பார்த்த ஓர் இத்தாலிய ஆய்வில் இரண்டாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் தொடர்ந்தார்கள், வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. பல் எனாமலும் அரிக்கும். ஸ்ட்ரா வைத்துக் குடியுங்கள், குடித்ததும் தண்ணீரில் கொப்பளியுங்கள், அரை மணி நேரத்துக்குப் பல் துலக்காதீர்கள். கோடையில் பழம் 10 ரூபாயைத் தொட்டால் ஏழு பழக் கணக்கில் மாதம் 2,100 ரூபாய்.

ஆரஞ்சுச் சாறு சிட்ரேட் விஷயத்தில் எலுமிச்சையை முந்தும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் தன்னோடு அமிலத்தையும் கொண்டுவருகிறது. ஆரஞ்சில் சிட்ரேட்டோடு பொட்டாசியமும் வருவதால் சிறுநீரின் அமிலத்தன்மையும் குறையும். ஆனால் 200 மில்லி சாற்றில் நான்கு ஸ்பூன் அளவுக்கு இயற்கைச் சர்க்கரை. சுகர் இல்லாதவர் தினம் ஒரு சின்ன தம்ளர் குடிக்கலாம். மற்றவர் எலுமிச்சையோடு நிற்கவும்.

## நீர்மோர்

கல் வந்ததும் முதலில் நிறுத்துவது பாலும் தயிரும். தவறு அங்கேதான் தொடங்குகிறது. சிறுநீரில் கால்சியம் கூடுதலாகப் போகும் 120 ஆண்களை வைத்து நடந்த இன்னோர் இத்தாலிய ஆய்வு 2002-இல் வெளியானது. கால்சியத்தைக் குறைத்தவர்களில் 23 பேருக்குக் கல் திரும்பியது. கால்சியத்தை வழக்கம்போல் சாப்பிட்டு உப்பையும் அசைவத்தையும் குறைத்தவர்களில் 12 பேருக்குத்தான். ஒவ்வொரு குழுவிலும் 60 பேர்.

காரணம் எளிது. சாப்பாட்டோடு போகும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். கால்சியம் இல்லாவிட்டால் ஆக்சலேட் தடையின்றி இரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வரும். அதனால் மோர் குடிக்க வேண்டிய நேரம் சாப்பாட்டு நேரம். பாலக், தண்டுக்கீரை, அரைக்கீரை போன்ற ஆக்சலேட் நிறைந்த கீரைகளோடு தயிரும் மோரும் சேர்ந்தே போக வேண்டும். கீரையும் தயிரும் சேரக்கூடாது என்ற வீட்டுச் சட்டம் கல் வந்தவருக்குத் தலைகீழ். (தக்காளியைப் பற்றிய பயமும் வீண், ஒரு பழத்தில் ஆக்சலேட் 10 மில்லிகிராமைத் தாண்டாது. அரைக் கப் வெந்த பாலக்கில் பல நூறு மில்லிகிராம் இருக்கும்.)

மோரைக் கெடுப்பது உப்பு. கால் ஸ்பூன் உப்பில் சுமார் 600 மில்லிகிராம் சோடியம். நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்னும்போது இரண்டு தம்ளர் மோரிலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளம் கணக்கு தனி. ஒவ்வொரு 2,300 மில்லிகிராம் சோடியத்துக்கும் சிறுநீரில் சுமார் 40 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாக இறங்கும். 100 மில்லி தயிரில் 200 மில்லி தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் சேர்த்து உப்பில்லாமல் ஒரு வாரம் குடித்தால் நாக்கு பழகிவிடும். பாக்கெட் மோர் வாங்கினால் பின்பக்கத்தில் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள்.

## இளநீர்

நல்ல பானம். சிறுநீரில் சிட்ரேட்டைக் கூட்டுகிறது என்று சிறிய ஆய்வு ஒன்றில் தெரிந்திருக்கிறது. 100 மில்லியில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருப்பதால் 300 மில்லி தரும் ஒரு காய் 750 மில்லிகிராம் வரை தரும்.

அந்தப் பொட்டாசியமே சிலருக்கு எமன். கிரியாட்டினின் கூடியவர்கள், டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்கள் தினமும் இரண்டு இளநீர் குடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறலாம். கல் வந்தவர்களில் கணிசமானோர் நாற்பதைத் தாண்டியவர்கள், பி.பி. மாத்திரை எடுப்பவர்கள். ஆகவே இது ஏட்டில் மட்டும் உள்ள எச்சரிக்கை இல்லை.

காய் 50 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,500. அந்தப் பணத்துக்குக் கிடைப்பது ஒன்றரைத் தம்ளர் திரவம். வெயிலில் அலைந்து வந்த நாளில் ஒன்று குடியுங்கள். தினசரித் திட்டத்தின் முதுகெலும்பாக வைக்காதீர்கள்.

## வாழைத்தண்டு

தமிழ்நாட்டில் கல்லுக்கு மறுபெயரே வாழைத்தண்டு. எலிகளில் நடந்த ஆய்வுகளில் ஆக்சலேட் குறைந்திருக்கிறது. மனிதர்களுக்குக் கல் திரும்புவதைத் தடுத்ததாகக் காட்டிய பெரிய ஆய்வு கிடையாது. குடித்துக் கல் போனது என்பவர்களில் பலருக்கு, முன்னே சொன்னதுபோல, தானே போயிருக்கும்.

செய்பவர்களுக்குத் தெரியும் வேலை: புறமட்டையை உரித்து, வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வில்லைக்கும் வரும் நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமல் மோர்த் தண்ணீரில் போட வேண்டும். மிக்சியில் அடித்து வடிகட்டினால் அரைக் கிலோ தண்டுக்கு ஒரு தம்ளர் தேறும். இருபது நிமிட வேலை. அந்தத் தம்ளரைக் குடித்த திருப்தியில் அன்று முழுக்க ஒரு லிட்டர் தண்ணீரோடு நின்றுவிடுவதுதான் இதன் பெரிய மறைச் செலவு.

வடிகட்டிச் சாறாக்குவதைவிடப் பொரியலோ கூட்டோ தயிர்ப்பச்சடியோ மேல்: நாரும் வயிற்றுக்குப் போகும், பச்சடியில் கால்சியமும் சேரும். வாரம் இரண்டு நாள் சாப்பிடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் தண்டையும் தவிர்க்க வேண்டும்.

## மீதிப் பானங்கள்

பார்லித் தண்ணீர், தண்ணீர் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. பிடித்தால் குடியுங்கள்.

டீ, காபி குடிப்பவர்களுக்குக் கல் குறைவாகவே வருகிறது என்று நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன. தேயிலையில் ஆக்சலேட் உண்டு, ஆனால் பால் சேர்ப்பதால் கணிசமானது டம்ளரிலும் குடலிலும் கட்டுப்பட்டுவிடும். கட்டன் சாயாவை நாளைக்கு ஐந்தாறு முறை குடிப்பவர் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். உண்மையான தொல்லை ஐந்து டீக்குப் பத்து ஸ்பூன் சர்க்கரை.

கோலாவுக்குச் சொல்ல நல்லது ஒன்றுமில்லை. பீர் சிறுநீரைப் பெருக்கும், கல்லைத் தள்ளாது; யூரிக் அமிலத்தையும் கூட்டும், மறுநாள் உடல் வறண்டிருக்கும்.

நெல்லிக்காய் ஜூஸ் தினமும் பெரிய தம்ளரில் குடிப்பவர்கள் கவனிக்க: வைட்டமின் சி-யின் ஒரு பகுதி உடலில் ஆக்சலேட்டாக மாறும். ஒரு நெல்லிக்காய் சாப்பிடுவதில் தவறில்லை. 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையைத் தினம் விழுங்குவது கல்லுக்கு வரவேற்பு. நட்சத்திரப் பழச் சாறும் பிலிம்பிக் காய்ச் சாறும் ஆக்சலேட் மிகுந்தவை. வெறும் வயிற்றில் தம்ளர் கணக்கில் குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்கள் உண்டு.

## சிரப் வாங்கினால் போதாதா?

பொட்டாசியம் சிட்ரேட் மருந்து ஜூஸ்களைவிட அளவாகவும் உறுதியாகவும் சிட்ரேட் தரும். சிறுநீரில் சிட்ரேட் குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தவருக்கும், யூரிக் அமிலக் கல் உள்ளவருக்கும் இதுவே முதல் தேர்வு, எலுமிச்சை போதாது. சாப்பிட்ட பிறகு, ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்து குடித்தால் வயிறு எரியாது. பொட்டாசியம் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

மருந்துக் கடையில் "நீர்க்கடுப்பு சிரப்" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட். பெயரிலேயே சோடியம் இருக்கிறது. 5 மில்லியில் சுமார் 250 மில்லிகிராம். நான்கு நாள் நீர்க்கடுப்புக்குச் சரி. கல் தடுப்புக்கென்று மாதக்கணக்கில் குடித்தால் ஒரு கையால் சிட்ரேட்டைக் கொடுத்து மறு கையால் கால்சியத்தை இறக்குகிறீர்கள்.

## உங்கள் நிலைக்கு எது

முதல் கல், வேறு நோய் இல்லை: தண்ணீர் 3 லிட்டர், அதில் இரண்டு லிட்டரில் எலுமிச்சை, மதியமும் இரவும் உப்பில்லா மோர். வேறு செலவு தேவையில்லை.

வெயிலில் வேலை: தண்ணீர் 4 லிட்டர், இடையில் ஓர் இளநீர். இவருக்கு மட்டும் மோரில் ஒரு சிட்டிகை உப்பு இருக்கலாம்.

சுகர்: தண்ணீர், எலுமிச்சை, மோர். ஆரஞ்சுச் சாறு, தினசரி இளநீர் இரண்டும் வேண்டாம்.

கிரியாட்டினின் கூடியவர், இதய நோயாளி: நாளைக்கு எத்தனை லிட்டர் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இளநீர், தண்டு, ஜூஸ் எல்லாம் ஒதுக்கி வைக்கவும்.

பாஸ்பேட் கல்: தண்ணீரும் உப்புக் குறைப்பும். சிட்ரேட் சிரப்பைத் தாமாகத் தொடங்க வேண்டாம்.

இப்போது வலியில் இருப்பவர்: தாகத்துக்குக் குடித்தால் போதும். கல் குழாயை அடைத்திருக்கும்போது லிட்டர் கணக்கில் குடித்தால் கல் தள்ளப்படாது, வலியும் வாந்தியும்தான் கூடும். வலியோடு காய்ச்சலோ குளிரோ வந்தாலும், சிறுநீர் அறவே நின்றாலும் ஜூஸ் பிழிய உட்காராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் முறை கல் வந்தவர்கள் யூராலஜிஸ்டிடம் கேட்டு 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அளவு, கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட், சோடியம், யூரிக் அமிலம், பி.எச். எல்லாம் அதில் வரும். வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கம்போல் குடித்து, சாதாரண வேலை நாளில் பிடித்த சிறுநீராக இருக்க வேண்டும். பரிசோதனைக்கென்று அன்று மட்டும் நல்லபிள்ளையாக நான்கு லிட்டர் குடித்தால், ரிப்போர்ட்டில் எல்லாம் சரி என்று வரும்.